ஒரு வரிகூடத் தவறவில்லை

உள்ளே வா, அம்மா. கதவைச் சாத்திவிடு, வெயில் வருகிறது. அந்தப் பிரம்பு நாற்காலி வேண்டாம், அதன் ஒரு கால் ஆடும். இங்கே, எனக்கு நேரே உட்கார். இடது காது எனக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

வாசலில் நின்றபடி நீ சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். நீ ஆறுமுகநயினாரின் மகள். பெயர் சங்கரகோமதி. உன் அப்பா தூத்துக்குடியில் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இடையிடையே கண் விழிக்கிறார். விழிக்கும்போதெல்லாம் என்னைக் கேட்கிறார். 'அந்த மேடம் சொன்னா நம்புவேன்' என்கிறார். உன் தம்பி அவர் பக்கத்தில் இருக்கிறான். அவர் விழித்தவுடன் உன் கைப்பேசிக்குக் கூப்பிடுவான். நீ அதை என் காதில் வைப்பாய். 'தப்பு உங்க மேல இல்ல' என்று நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதானே?

சொல்கிறேன். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன். அது சரியான வாக்கியம் அல்ல. சாகக் கிடக்கிற மனிதரிடம் பிழையான வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவது எனக்கு ஒப்பாது. சரியான வாக்கியம் எது என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன். அதற்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காக வைத்துப் பார்க்க வேண்டும். நீயும் கேட்க வேண்டும். நீ அப்போது பால்குடி மறக்காத பிள்ளை. வீட்டில் சொன்னது மட்டும்தான் உனக்குத் தெரியும்.

அந்தக் கைப்பேசியை இப்படிக் கொடு. கொடு, அம்மா. நான் தின்றுவிட மாட்டேன். என் பக்கத்தில், இந்தச் செய்தித்தாளின் அடியில் இருக்கட்டும். ஒருவர் பேசும்போது இன்னொன்று நடுவில் புகுவது எனக்குப் பிடிக்காது. கூப்பிட்டால் தெரியாமலா போகும்?

நான் கணிதம் படித்தவள். இதே ஊரில் பெண்கள் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தேன். என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாணவியிடம் கேள்வி கேட்டால், அவள் பதில் சொல்லும் வரை அடுத்தவளிடம் போக மாட்டேன். மணி அடித்தாலும் போக மாட்டேன். ஒருத்தி அழுதுகொண்டே நின்றிருக்கிறாள், நானும் நின்றிருக்கிறேன். கேட்டவள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவள் எதற்காகக் கேட்டாள்? பிற்பாடு, நாற்பது வயதுக்கு மேல், கணினி படித்து மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரல் எழுதப் போனேன். அங்கேயும் அதே வழக்கத்தைத்தான் கொண்டுபோனேன். நல்ல வழக்கத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டா உள்ளே போவார்கள்?

உன் அப்பா வேலை பார்த்த இறால் தொழிற்சாலைக்கு நிரல் எழுதிக் கொடுத்தது நான். உனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றாய். தெரிய வேண்டியது கொஞ்சம்தான். இறாலை உறைய வைக்கும் குழாய்களில் அமோனியா ஓடும். அது கசிந்தால் முதலில் கண் எரியும், பிறகு தொண்டை அடைக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. ஆகவே கூடங்களில், கசிவை அளக்கும் கருவிகள் வைத்திருந்தார்கள். அவை தம் அளவுகளை மாடியில் கண்ணாடி அறையிலிருந்த கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். யுனிக்ஸ் கணினி. என் நிரல் ஓர் அளவை வாங்கும். அதைத் திரையில் ஒரு வரியாக எழுதும். அளவு எல்லை மீறியிருந்தால் தொழிற்சாலையின் அபாயச் சங்கை ஊதும். வாங்கு, எழுது, தேவையானால் ஊது. பிறகு அடுத்த அளவை வாங்கு. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடாது. நான் எழுதியவற்றிலேயே மிகவும் ஒழுங்கான நிரல் அது. இன்றைக்கும் அதை என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும்.

திரையும் விசைப்பலகையும் சேர்ந்ததை டெர்மினல் என்போம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் உன் அப்பா.

நல்ல மனிதர். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார். ஆபரேட்டர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். முதல் நாளே எழுந்து நின்று, "மேடம், எழுத்து மேல ஓடிப் போயிருது. வாசிக்கதுக்குள்ள ஆளைக் காணோம்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். "நயினாருக்குக் கயிறு போட்டுக் கட்டிக் குடுங்க மேடம்" என்றார் ஒருவர். "ஆமா, மூக்கணாங்கயிறு" என்றார் இன்னொருவர். நான் சிரிக்கவில்லை. நின்று படிக்க நேரம் கேட்பவரைக் கேலி செய்வது பண்பல்ல.

கன்ட்ரோல் என்று ஒரு விசை இருக்கிறது. அதை இடது கைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு எஸ் விசையைத் தட்டினால் திரை அப்படியே நின்றுவிடும். அதே மாதிரி அழுத்திக்கொண்டு க்யூவைத் தட்டினால் மறுபடி ஓடும். எஸ் நிறுத்துவதற்கு, க்யூ விடுவதற்கு. உன் அப்பாவின் பக்கத்தில் நின்று, எந்த விரல் எங்கே என்று நானே வைத்துக் காட்டினேன். அவர் தட்டினார். திரை நின்றது. குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். "இனிமே அது நான் சொன்னாத்தான் நகரும், இல்லையா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

அடிக்கிறதா? இல்லை, அதிர்கிறது. உன் தம்பியாகத்தான் இருக்கும். அப்படியானால் உன் அப்பா விழித்திருக்கிறார். நல்லது. உட்கார், அம்மா. அரைகுறையாகப் போனை எடுத்து நான் என்ன சொல்வது? 'கொஞ்சம் பொறுங்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்றா? மறுபடியும் கூப்பிடுவான். பதில் வராவிட்டால் கூப்பிடுகிறவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள், அதுதான் முறை.

ஜொஹராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. காயல்பட்டினத்துப் பெண். என் கீழே வேலை பார்த்தாள். கெட்டிக்காரி, ஆனால் வாய் அதிகம். கேட்காமலே பேசுவாள். முதலில் என்னுடைய நிரல் விசைப்பலகையை மட்டும் கவனித்துக்கொண்டு நிற்கும், கருவி பேசினால் கேட்காது. "ரெண்டு காதையும் திறந்து வைப்போம் மேடம், எது முதல்ல பேசுதோ அதைக் கேப்போம்" என்று சொல்லி அதை மாற்றினாள். யுனிக்ஸில் அதற்கு வழி உண்டு. அது நியாயம், ஒப்புக்கொண்டேன். பிறர் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்று என்னைப் பற்றிச் சொன்னவர்களுக்கு இதை ஒரு சான்றாகச் சொல்வேன்.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். உன் அப்பாவுக்கு எஸ்ஸும் க்யூவும் சொல்லிக் கொடுத்துவிட்டு நான் மதுரைக்குத் திரும்பிய மறுவாரம், என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், அவுக திரையை நிறுத்திட்டா நம்ம புரோகிராமும் நின்னுரும்."

"திரை வேறு, நிரல் வேறு" என்றேன்.

"வேறதான். ஆனா நம்ம ஆளு, அதான் புரோகிராம், ஒரு வரியைத் திரைகிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டு, அது வாங்கிக்கிட்ட பிறகுதான் திரும்புவாரு. அது வாங்கலைன்னா திரும்பவே மாட்டாரு. பக்கத்து வீட்டுக்குப் பாத்திரம் திருப்பிக் குடுக்கப் போன பிள்ளை மாதிரி, கதவைத் தட்டிட்டு நிப்பாரு. பின்னால தன் வீடு பத்தி எரிஞ்சாலும் அங்கனயே நிப்பாரு."

"அதற்குப் பெயர் பணிவு" என்றேன்.

"எரிஞ்சு முடிஞ்ச பிறகு அதுக்குப் பேரு வேற மேடம்."

பார், எப்படிப் பேசுவாள் என்று. மேலதிகாரியிடம். நான் கோபப்படவில்லை. சரி, நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். திரையிடம் இப்படிச் சொல்லிவிடலாம் என்றாள்: 'உன்னால் வாங்க முடிந்தால் வாங்கு, முடியாவிட்டால் உடனே சொல்லிவிடு, என்னை நிற்க வைக்காதே.' அதாவது எழுதப் போகும், முடியாவிட்டால் நிற்காமல் திரும்பி வரும், சங்கைப் பார்க்கும், அடுத்த அளவைப் பார்க்கும், மறுபடி போய்க் கேட்கும். எழுதியும் கொண்டுவந்திருந்தாள். நாலைந்து வரிதான், அதை நான் மறுக்கவில்லை.

"திரை வாங்காத வரி என்ன ஆகும்?" என்றேன்.

"கொஞ்ச நேரம் நாமளே சேத்து வைக்கலாம் மேடம். அதுவும் நிறைஞ்சிட்டா பழசை விட்டுரலாம்."

விட்டுவிடலாம்! அந்தச் சொல்லை அவள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் தெரியுமா? நடந்த ஒன்றை நடக்காதது போல விட்டுவிடலாமாம். என் நிரல் எந்த வரியையும் விடாது, ஜொஹரா, என்றேன். ஒரு வரிகூடத் தவறாமல், வந்த வரிசையில், எல்லாவற்றையும் எழுதும். அதற்காக நிற்க வேண்டுமென்றால் நிற்கும்.

இருந்தாலும் நான் சோதித்துப் பார்த்தேன். சோதிக்காமல் எதையும் மறுப்பவள் அல்ல நான். அலுவலகத்திலேயே ஒரு டெர்மினலை வைத்து, எஸ் தட்டித் திரையை நிறுத்தச் சொன்னேன். பிறகு அளவை எல்லைக்கு மேல் ஏற்றச் சொன்னேன். மேசை மேல் வைத்திருந்த சிறிய சங்கு ஊதியது. திரை நின்றிருக்கிறது, சங்கு ஊதுகிறது. என் கண்ணால் பார்த்தேன்.

"பார்த்தாயா?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க மேடம். புரோகிராமுக்கும் திரைக்கும் நடுவுல ஒரு குடம் இருக்கு. திரை வாங்கலைன்னாலும் குடம் நிறையுற வரைக்கும் அதுல ஊத்திட்டு வந்துரும். நிறைஞ்ச பிறகுதான் நிக்கும். இருந்து பாத்துட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் எங்கள் திருச்சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டம். நான்தான் செயலாளர். பேருந்தைப் பிடிக்க வேண்டும். அத்தனை பெண்களைக் காக்க வைப்பது அநாகரிகம். குடமாவது தவலையாவது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சங்கு ஊதியதைப் பார்த்தாகிவிட்டது. அதற்கு மேல் என்ன சோதனை?

அதிர்கிறது, தெரிகிறது. நீ எழுந்திருக்காதே. எழுந்தால் எனக்கு வரிசை குழம்பிவிடும், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், உனக்குத்தான் தாமதம். அவசரம் உனக்கு இருப்பது போலவே எனக்கும் இருக்கிறது. அவசரத்தில்தான் நிதானமாக இருக்க வேண்டும் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

இனி அந்த நாள். முற்பகல். பட்டப்பகல் வெளிச்சம். இதையெல்லாம் விசாரணையில் அவரவர் சொல்ல நான் கேட்டது.

மேனேஜர் கீழிருந்து போன் செய்து, குளிர் அறையின் அளவு என்ன என்று கேட்டார். உன் அப்பா எஸ் தட்டித் திரையை நிறுத்தி, வாசித்துச் சொன்னார். சரியாக வாசித்தார். உடனே மேனேஜர், கன்டெய்னர் லாரி வந்து நிற்கிறது, நீ கீழே வா என்றார். உன் அப்பா போனார். போனவர் க்யூவைத் தட்டவில்லை. வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அதற்குள் ஜொஹரா சொன்ன அந்தக் குடம் நிறைந்து, நிரலும் நின்றிருக்கிறது. கண்ணாடி அறை, ஏசி, சாத்திய கதவு. திரையில் கடைசி வரியில் 'நார்மல்' என்று இருந்தது. நின்ற திரையும், ஒன்றும் நடக்காத திரையும் பார்வைக்கு ஒன்றுதான், அம்மா. எழுத்து ஓடவில்லையே என்று அவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

கீழே இறால் உரிக்கும் கூடத்தில் ஒரு குழாயின் மூட்டு விட்டுவிட்டது. அங்கே உரிக்கிற பெண்களுக்கு அமோனியா வாடை புதிதல்ல. தினமும் கொஞ்சம் வரும். முன்பு ஒருமுறை வாடைக்குப் பயந்து எல்லோரும் வெளியே ஓடி, ஒன்றுமில்லை என்று ஆகி, மேனேஜர் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். அதிலிருந்து ஒரு சட்டம்: சங்கு ஊதினால் ஓடு, ஊதாவிட்டால் உட்கார். நல்ல சட்டம்தான். சங்கு என்னுடைய நிரலின் கையில் இருந்தது.

கூடத்து சூப்பர்வைசர் மரியசெல்வம். அவர் மாடிக்குப் போன் செய்தார். "நயினாரு, கண்ணு எரியுதுய்யா. கேஸ் எதுவும் காட்டுதா?"

உன் அப்பா திரையைப் பார்த்தார். பார்த்துத்தான் சொன்னார். "ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி. நார்மல்னுதான் நிக்கு."

மரியசெல்வம் திரும்பிப் போய், "உக்காருங்கட்டி, சங்கு ஊதலைல்லா? மாடியில கேட்டாச்சு, ஒண்ணுமில்லையாம்" என்றார். உட்கார்ந்தார்கள். சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு உரித்தார்கள். கூடத்தின் கடைசி மேசைக்குப் பக்கத்தில் கதவு இல்லை. மூட்டு விட்ட குழாய் அங்கேதான் போனது.

மூன்று பேர் செத்துப்போனார்கள். இசக்கித்தாய், அந்தோணியம்மாள், ரோஸ்லின். ரோஸ்லினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விசாரணையில் அவளுடைய அம்மா வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பேசும்போது அவள் மட்டும் பேசாமல் இருந்தது எனக்கு என்னவோ போல இருந்தது. அவளிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை, அதனால் அவளுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு இல்லை.

அவர்களை வெளியே தூக்கிக்கொண்டு வந்து மணலில் கிடத்திய பிறகு, மெக்கானிக் ஒருவர் மாடிக்கு ஓடினார். உன் அப்பா திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, "நார்மல்னுதான் இருக்கு, நார்மல்னுதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மெக்கானிக் விசைப்பலகையில் கண்டபடி தட்டினார். அதில் கன்ட்ரோலும் க்யூவும் பட்டிருக்கிறது. திரை விட்டுவிட்டது. அதுவரை காத்துக்கிடந்த அளவுகள் எல்லாம் வரி வரியாக வந்து விழுந்தன. நார்மல், நார்மல், கவனம், கவனம், அபாயம், அபாயம். வந்த வரிசையிலேயே. ஒரு வரிகூடத் தவறவில்லை. பிறகு சங்கு ஊதியது. யார் யாரோ நிறுத்தப் பார்த்தும் நிற்காமல் ஊதியதாம். மணலில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள் என்று மரியசெல்வம் சொன்னார்.

விசாரணைக் குழுவில் நான் இதைத்தான் எடுத்துச் சொன்னேன். நிரல் பழுதில்லை, அது எதையும் இழக்கவில்லை, எல்லாவற்றையும் வைத்திருந்து கொடுத்தது என்று. குழுத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இதை வேறு மாதிரி எழுதியிருக்க முடியுமா?" என்றார். வேறு மாதிரி எழுத முடியுமா என்பது கேள்வி அல்ல, ஐயா, சரியாக எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி, சரியாக எழுதியிருக்கிறது என்றேன். "திரையை நிறுத்தியது யார்?" என்றார். ஆபரேட்டர் என்றேன். கேட்டதற்கு மட்டும், உண்மையை மட்டும், ஒரே சொல்லில். நிறுத்த அவருக்குத் தெரிந்தது எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

அந்த இடத்தில்தான் ஜொஹரா எழுந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. "சார், நாலு வரி மாத்தியிருந்தா சங்கு ஊதியிருக்கும். நான் எழுதிக் காட்டினேன். மேடம் வேண்டாம்னாங்க" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொல்லிக் கொடுத்து வளர்த்த பெண். என் வீட்டில் சாப்பிட்டவள். இத்தனை வருடம் ஆகியும் என் மனத்தில் கிடந்து அறுப்பது அதுதான். தனியாக என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே?

என்ன? சொன்னாளே என்கிறாயா? சொன்னாள். சொன்ன முறையைப் பற்றிப் பேசுகிறேன்.

குழு அதைக் குறித்துக்கொண்டது, அவ்வளவுதான். உன் அப்பாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கும் நடந்தது. பின்னர் மற்ற தொழிற்சாலைகளில் எங்கள் நிறுவனம் அந்த நாலு வரியைச் சேர்த்தது. நான் ஆட்சேபிக்கவில்லை. விடப்பட்ட வரிகள் எத்தனை என்றாவது எண்ணிக் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அதையும் அவர்கள் செய்யவில்லை.

என்ன காட்டுகிறாய்? விரலையா? உன் அப்பா அப்படிச் செய்கிறாரா? போர்வை மேல் சுண்டுவிரலை அழுத்திக்கொண்டு மற்ற விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறாரா? தூக்கத்திலுமா? வீட்டிலும் அப்படித்தானா, சாப்பாட்டுத் தட்டிலும்? நர்ஸ் நரம்புத் தளர்ச்சி என்றாளா?

இல்லை, அம்மா. அது கன்ட்ரோல், க்யூ. இன்னும் ஒரு தரம் காட்டு, பார்ப்போம். சுண்டுவிரல் கீழே, பக்கத்து விரல் மேலே. சரியாக வைத்திருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்த இடம்தான். அப்படியானால் அவர் மறக்கவில்லை. விசாரணையில் மறந்துவிட்டேன் என்று அழுதாரே, அவர் மறக்கவே இல்லை. இதை நான் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இது வாக்கியத்தை மாற்றுகிறது.

பார்த்தாயா, இப்போது அதிர்வது நின்றுவிட்டது. முன்பு ஓயாமல் அடித்ததே. பொறுத்தால் எல்லாம் நிற்கும். இப்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது, அது ஏதோ செய்தி. இருக்கட்டும். ஒரு நிமிடம். வாக்கியம் கிட்டே வந்துவிட்டது.

'தப்பு உங்கள் மேல் இல்லை' என்பது பொருந்தாது. நிறுத்தியது அவர் கை. 'தப்பு உங்கள் மேல்' என்பதும் பொருந்தாது. நின்றது திரை மட்டும்தான் என்று அவர் நம்பினார், அப்படி நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. யார் கொடுத்த காரணம் என்பது இந்த வாக்கியத்துக்குள் வர வேண்டியதில்லை, அது வேறு வாக்கியம். ஆகவே இப்படிச் சொல்லலாம்: 'ஆறுமுகநயினார், நீங்கள் நிறுத்தியது திரையை மட்டுமே என்று நீங்கள் நம்பியதில் குற்றமில்லை.' எப்படி? கொஞ்சம் நீளம். மூச்சு வாங்குகிறவருக்கு நீளமான வாக்கியம் ஆகாது. 'நீங்கள் நம்பியதில் குற்றமில்லை.' இது போதும். இதில் பொய் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இந்தா, கைப்பேசி. இப்போது கூப்பிடு. நான் தயார்.

என்ன பார்க்கிறாய்? எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறான் என்று பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள். அந்தச் செய்தியில் என்ன போட்டிருக்கிறான்? உரக்கப் படி, அம்மா. இந்தப் பக்கம் திரும்பிப் படி.

படி.

சரி.

விழித்தாரா? விழித்து, மேடம் பேசுகிறார்களா என்று கேட்டாரா? எத்தனை தடவை? ... முதல் தடவை விழித்தபோது தெளிவாகத்தான் இருந்தாரா? மூச்சு நின்றது அதற்குப் பிறகுதானா?

தண்ணீர் குடி. செம்பு அங்கே இருக்கிறது. நீ என்னை அப்படிப் பார்க்காதே, நான் மறுக்கவில்லையே. வாக்கியம் தயாராக இருக்கிறது. அதில் ஒரு சொல்கூட மாறாது. கூப்பிடு. உன் தம்பி எடுப்பான், எடுத்து அவர் காதில் வைக்கச் சொல். வைக்கட்டும், பரவாயில்லை. நான் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட எனக்குத் தெரியாது, அம்மா.

கூப்பிடு. அவன் எடுக்கும் வரை நான் இப்படியே இருக்கிறேன்.